கேட்டைத் தாண்டக் கூடாத பிடியரிசி

1

போன வருஷம் நம் ஆவூர்த் தேரன்று இங்கே மலாயாவில் அக்காவுக்குக் காய்ச்சல். சோறு பொங்க நான் அடுப்படிக்குப் போனேன். பால் டின்னால் அரிசியை அளந்து சட்டியில் கொட்டினேன். கழுவத் தண்ணீர் ஊற்றப் போன நேரத்தில் என் வலது கை தானாகச் சட்டிக்குள் போனது, ஒரு பிடி அரிசியை அள்ளியது, போட இடம் தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

ஊரில் அந்தக் கைக்கு இடம் இருந்தது. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அடுப்புக்குப் பக்கத்தில் சின்னப் பானை, உலை வைக்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பிடி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது முந்தானையில் முடிந்து எடுத்துப்போய்க் கோவில் கூடையில் கொட்டுவது, உபதேசியார் அதைப் பங்கு வைத்து இல்லாதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது. எங்கள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் நான்தான் உலை வைப்பேன். அதனால்தான் கைக்குப் பழக்கம்.

மலாயாவுக்கு வந்து இத்தனை காலத்தில் அந்தப் பழக்கம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. பிடியரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உடம்பே சூடாகிவிட்டது. இங்கேயும் செய்தால் என்ன? அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன், துடைத்தேன், அரிசியைப் போட்டேன். டங் என்று சத்தம் கேட்டது. எனக்கு எதையும் ஆறப்போட வராது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

படுக்கையிலிருந்து அக்கா கேட்டாள். "என்னடா சத்தம் அங்கிட்டு?"

"பிடியரிசி போட்டேன்க்கா."

"அளந்து குடுக்கிற அரிசியிலயா? ஒனக்கென்ன காய்ச்சலு எங்கிட்டருந்து ஒட்டிக்கிருச்சா?"

"என் பங்கு சோத்துல கொறச்சுக்கிறேன்."

சாயந்திரம் மச்சான் சவரிமுத்து ஆபீசிலிருந்து வந்ததும் அவரிடம் புகார் போனது. தோட்டத்தின் பெரிய கிராணி அவர்தான், அதாவது தலைமைக் குமாஸ்தா. எனக்குச் சின்னக் கிராணி வேலை வாங்கிக் கொடுத்து, தம் வீட்டிலேயே இடமும் கொடுத்தவர். டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"குட்டிச் சாமியாரே, இங்க கோவிலு இல்ல, கூடை இல்ல, உபதேசியாரு இல்ல. இதை எங்க கொண்டுபோயிக் கொட்டுவ?"

"பசிச்ச ஆளுக மட்டும் இங்க இல்லாமலா போனாங்க, மச்சான்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

2

நம் வாலிபர் சபையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு மலாயாவைப் பற்றி எழுது எழுது என்று நீங்கள் கேட்டதும், நான் ரப்பர் மரம், மழை, பன்றிக்கறி விற்கும் சீனக் கடை என்று எழுதி அனுப்பியதும் உண்டு. வேலியைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அம்மா பயப்படுவாள் என்று விட்டுவிட்டேன். இந்த முறை எழுதாமல் முடியாது.

இங்கே அவசரச் சட்டம் நடக்கிறது. காட்டுக்குள் சர்க்காரை எதிர்த்துத் துப்பாக்கியோடு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று சர்க்கார் எல்லா லயங்களையும் சுற்றி முள்கம்பி அடித்திருக்கிறது. லயம் என்றால் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளவு. விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் வேலிக் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்களைப் போலீஸ் தடவிப் பார்க்கும், பெண்களைச் சோதிக்க ஒரு பெண்பிள்ளை. வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி போகக் கூடாது.

இது வெறும் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கங்காணியைக் காட்டுக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர் சாவு எடுப்புக்கு நான் போயிருந்தேன். அவர் பெண்ஜாதி அழக்கூட இல்லை, வாசலில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, வேலி எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குழம்பினேன் என்பதற்காகத்தான் இதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. மலேரியாவில் டவுன் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பதிவு எழுதியவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மதம் என்ற இடத்தில் இந்து என்று எழுதினான். நான் கிறிஸ்தவன் என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னதும் அவன் என்னைப் பாதிரியார் என்று புரிந்துகொண்டு எழுந்து நின்றான். விளக்கிச் சொன்னபிறகு உட்கார்ந்து, எழுதியதை அடிக்க மேலதிகாரி கையெழுத்து வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். அப்போது கோபம் வந்தது. பிறகு காய்ச்சலில் கிடக்கும்போது யோசித்தேன். அவன் பார்த்தது என் முகத்தை. என் நடத்தையைப் பார்த்திருந்தால் மட்டும் வேறு எதை எழுதியிருப்பான்? மாதம் ஒரு பூசை, அதுவும் லாரி கிடைத்தால். அக்கா மகள் மேரிக்கு ஐந்து வயது; மங்கள வார்த்தை ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு மலாயில் ஒன்று இரண்டு எண்ணுகிறாள். நாங்களும் சிரித்துவிட்டுத் தூங்கப் போகிறோம்.

பிஸ்கட் டின் விஷயத்தில் நான் ஏன் அப்படித் துள்ளினேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

3

டின் நிறைந்ததும் யாருக்கு என்ற கேள்வி வந்தது. அக்காவே சொன்னாள். "கடைசி லயத்துல அஞ்சலை இருக்கா. புருஷன் செத்துப்போனான். ரெண்டு புள்ளைக. அவ பங்கையும் புள்ளைகளுக்குப் போட்டுட்டு வெறும் வயித்தோட பால் வெட்டப் போறா."

அஞ்சலை இந்துப் பெண். அவள் அப்பா கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். அவள் பிறந்ததே இங்கேதான். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் அசல் நம் பக்கத்துப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை டின்னோடு போய் நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்கு சின்னக்கிராணி?"

"சும்மாதான். எங்க ஊர்ப் பழக்கம்."

"ஒங்க வேதத்துக்கு வரணுமா நாங்க?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல."

"பின்ன? சும்மா குடுக்குற ஆளைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு." பிறகு அவளே சிரித்தாள். "சரி, குடுங்க. மாரியாத்தா கேட்டா வேதக்காரச் சாமி அனுப்புச்சுன்னு சொல்லிக்கிறேன். ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிறட்டும்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் டின் போகும், காலியாகத் திரும்பும். சில நாள் டின்னுக்குள் இரண்டு பச்சை மிளகாய் கிடக்கும், சில நாள் ஒரு பிடி முருங்கைக்கீரை. அவளைப் பற்றி லயத்தில் வேறொரு பேச்சும் உண்டு. வேலைநிறுத்தம் நடந்த வருஷத்தில் அவள் தம்பி காணாமல் போனவன். செத்தான் என்று சிலர், காட்டுக்குள் இருக்கிறான் என்று சிலர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், போட்டுக்கொள்ள நான் விரும்பவில்லை. நான் செய்வது அவ்வளவு அழகான காரியமாக எனக்குப் பட்டது. சந்தித்தவர்களிடமெல்லாம் பிடியரிசியின் மகிமையைப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

4

போன வாரம், பொழுது புலரும் நேரம். கேட்டில் நான் நிற்பது வழக்கம். யார் எந்த வரிசை மரங்களுக்குப் போகிறார்கள் என்று கூப்பிட்டு அனுப்புவது என் வேலை. அஞ்சலையின் முறை வந்தது. சோதனைப் பெண்பிள்ளை பால் வாளியைக் கவிழ்த்தாள். அடியில் துணிச்சுருள். அவிழ்த்தால் அரிசி.

போலீஸ்காரன் அரைகுறைத் தமிழில் கேட்டான். "யாருக்கு?"

அஞ்சலை வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"எங்கே கிடைச்சுது?"

"என் அரிசிதான். மிச்சம் புடிச்சேன்."

"ரெண்டு பிள்ளை வச்சுக்கிட்டு, இந்த ரேஷன்ல மிச்சமா?"

"புடிச்சேன்."

நான் அவளுக்கு எதிரே பத்தடி தூரத்தில் நிற்கிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப்பில் ஏறும்போது மட்டும் பின்னால் நின்ற பெண்ணிடம், "புள்ளைகளைப் பாத்துக்கங்கடி" என்றாள். ஜீப் போனது. போலீஸ்காரன் என்னைப் பார்த்து, "அடுத்த ஆளைக் கூப்பிடு கிராணி" என்றான். கூப்பிட்டேன்.

இங்கே கேள்விப்படுவது இதுதான். காட்டுக்கு அரிசி கடத்தினாள் என்று முடிவானால் ஜெயில், அல்லது பிள்ளைகளோடு கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த இந்தியாவுக்கு? நாகப்பட்டினத்தில் இறங்கினால் அவளைக் கூப்பிட அங்கே ஒரு ஆள் இல்லை.

5

அன்று சாயந்திரம் மச்சானிடம் சொன்னேன். "ஸ்டேஷனுக்குப் போகப் போறேன், மச்சான். அந்த அரிசி நான் குடுத்தது."

அவர் கழற்றிக்கொண்டிருந்த சட்டையை மறுபடி மாட்டினார், வெளியே போகிறவர்போல. போகவில்லை.

"அது யாருக்குப் போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"காட்டுல இருக்கற அவ தம்பிக்குப் போயிருந்தா?"

"தெரியாது மச்சான்."

"அந்தச் சோத்தைத் தின்னவன்தான் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியச் சுட்டிருந்தா?"

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"நீ போயிச் சொல்லு. ஒன்னைய உள்ள வைப்பான். பெரிய கிராணி வீட்டு அரிசின்னு என்னையக் கூப்புடுவான். வேலை போகும், வீடு போகும். ஒங்க அக்காவும் மேரியும் தெருவுல நிக்கணும். அதுக்கப்புறம் அவளை விட்டுருவானா? கிராணி வீட்டுலருந்தே கடத்தியிருக்காகன்னு இன்னும் பெருசா எழுதுவான். புண்ணியம் பண்ணுறேன் புண்ணியம் பண்ணுறேன்னு எத்தனை பேரைடா கொல்லுவ?"

"நான் பேசாம இருந்தா அவளைக் கப்பல்ல ஏத்திருவாங்க மச்சான்."

"அவ பேசாமத்தான இருக்கா? ஒம் பேரைச் சொன்னாளா? எதுக்குச் சொல்லல? யோசிச்சுப் பாரு. அந்தப் பொம்பளைக்கு இருக்கற அறிவு ஒனக்கு வேணாமா?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் தொல்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தேன். பசித்தவர்களுக்குச் சோறு கொடு என்று ஞானோபதேசத்தில் படித்தோம்; விரல் விட்டு ஒப்பித்தோம்; தப்பில்லாமல் ஒப்பித்ததற்கு எனக்கு மாதா படம் பரிசு. எந்தப் பசித்தவன் என்று யாராவது கேட்டோமா? துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கும் பசிக்குமே என்று கேட்டிருந்தால் உபதேசியார் என்ன சொல்லியிருப்பார்? உங்களில் யாராவது அவரைக் கேட்டு எழுதுங்கள். நிஜமாகத்தான் கேட்கிறேன்.

ஒரு நேரம், சட்டம் சர்க்காருடையது, அதை மீறியது பாவம் என்று தோன்றியது. மறு நேரம், மீறியவள் அவள், நான் வேலிக்குள்தானே கொடுத்தேன் என்று தோன்றியது. தப்பித்துக்கொள்ள இத்தனை சாமர்த்தியம் என்னிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

6

அஞ்சலையின் பிள்ளைகள் இரண்டும் இப்போது எங்கள் வீட்டில் சாப்பிடுகின்றன. அக்காதான் கூட்டிக்கொண்டு வந்தாள். மச்சான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனால் தம் இலையிலிருந்த மீனைப் பிய்த்து பிள்ளைகளில் பெரியவனுக்கு வைத்தவரும் அவர்தான்.

நேற்று அக்கா அரிசி புடைத்துக்கொண்டே, முறத்தை நிறுத்தாமல் சொன்னாள். "ஒனக்கொண்ணு சொல்லணும்டா. அஞ்சலை எங்கிட்டக் கேட்டா. எதுக்கு ஒரு புடி எடுத்து வைக்கிறீக, எப்ப எடுக்கணும், ஒல வைக்கிறதுக்கு முன்னயா பின்னயான்னு. நான் சொல்லிக் குடுத்தேன். அவளும் ஒரு சட்டி வச்சிருந்தா."

"எந்த அரிசியில?"

"எந்த அரிசியில? ரேசன்லயும்தான். நீ குடுத்ததுலயும்தான்."

அதைக் கேட்டதும் அம்மா நினைவு வந்தது. உங்களுக்கு ஒரு சங்கதி தெரியாது, வெளியே சொன்னதில்லை. குளம் வற்றி, வரகுகூடக் காய்ந்துபோன ஒரு வருஷத்தில், உபதேசியார் கூடையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாங்கிப்போக வந்தார் என்று நினைத்தோம். அவர் கொடுக்க வந்திருந்தார். அந்த வருஷம் ஊரில் இல்லாதவர்கள் நாங்கள்தான். அப்பா கொல்லைப்புறம் போய்விட்டார். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. அம்மா முந்தானையை விரித்து வாங்கினாள். உலை வைத்தாள். அரிசியைப் போடும் முன் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டாள். "அவுக குடுத்த அரிசியே இது, இதுல எதுக்கும்மா?" என்று நான் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்த அரிசின்னா என்ன, இதுலயும் ஒரு புடி உண்டு" என்றாள்.

அப்படியானால் அஞ்சலை போலீசிடம் சொன்னது உண்மை. மிச்சம் பிடித்த அரிசிதான். அந்த ரேஷனில் யாராலும் மிச்சம் பிடிக்க முடியாது என்பதுதான் அவள் மேல் உள்ள பெரிய சந்தேகம். முடியும் என்று சொல்லக்கூடிய ஆட்கள் இந்தத் தோட்டத்தில் நானும் அக்காவும் மட்டும்.

"யாருக்குக் கொண்டுபோனான்னு ஒனக்குத் தெரியுமாக்கா?"

"கேக்கல. வேலிக்கு அங்கிட்டு ஒரு சீனக் கெழவி கீரை போட்டுக்கிட்டு ஒத்தையா இருக்கா. அவளுக்கா இருக்கும். இல்ல அஞ்சலை தம்பிக்கா இருக்கும்." முறம் நின்றது. "நம்ம அம்மா கூடையில கொட்டுன அரிசி யாருக்குப் போச்சுன்னு அம்மா கேட்டுச்சா?"

அம்மா கேட்கவில்லைதான். ஆனால் அம்மாவின் அரிசியைத் தின்று யாரும் யாரையும் சுடவில்லையே. இதை அக்காவிடம் சொன்னேன். அவள் உலைக்கு அரிசி அளந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள். இத்தனை நாளும் நான் மட்டும் போட்டுவந்த டின் அது. மச்சான் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நீயுமா?" என்றார்.

7

இன்று ஊரில் தேர். இந்நேரம் வடம் பிடித்திருப்பீர்கள். நான் ரப்பர்ப் பால் ஸ்டோர் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக் கப்பலுக்குப் போகிற ஒருவரிடம் மத்தியானத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால்தான் இந்த அவசரம். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அல்லது அரிசி பற்றிய இடத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

மனம் இன்னும் தெளியவில்லை. நான் செய்வது விசுவாசமா, வீம்பா என்றுகூடத் தெரியவில்லை. மச்சானிடம் மட்டும் காலையில் சொல்லிவிட்டேன்: நாளை ஸ்டேஷனில் உங்கள் வீட்டு அரிசி என்று சொல்லமாட்டேன், என் பங்கு அரிசி என்று சொல்வேன், அதுதான் உண்மையும். ஆனால் டின்னில் கடைசியாக விழுந்த பிடி அக்காவுடையது. அதை எடுத்துவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். "எதுக்கு? கெடக்கட்டும்" என்றாள். மச்சான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த ஸ்டேசன்ல தமிழ் தெரிஞ்ச ரைட்டர் ஒருத்தன் இருக்கான். மொதல்ல அவங்கிட்டப் பேசு. மலாயி பேசுறேன்னு கெளம்பி நீயே காட்டுக்காரன்னு எழுதிவிட்டுறப் போறான்" என்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சைக்கிளை மட்டும் என் பக்கமாகச் சாய்த்து வைத்தார்.

டின்னைக் கொண்டுபோக வேண்டும். வாயால் சொன்னால் அவர்கள் நம்பப்போவதில்லை. ஒரு பிடி, ஒரு பிடியாகச் சேர்ந்தது எவ்வளவு இருக்கும் என்று மேஜையில் கொட்டிக் காட்ட வேண்டும். ஆனால் டின்னைக் கொண்டுபோக அந்தக் கேட்டைத் தாண்டியாக வேண்டும். அரிசியோடு தாண்டினால் அஞ்சலை செய்த அதே குற்றம். அவள் வாளிக்கு அடியில் வைத்தாள். நான் கேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே, எல்லாருக்கும் தெரியும்படிப் பிடித்துக்கொண்டு போவேன்.

உள்ளே என்ன என்று கேட்பார்கள். அரிசி என்பேன். யாருடையது என்பார்கள். என்னுடையது, இதே மாதிரிதான் அவளுக்கும் கொடுத்தேன் என்பேன். அவள் யாருக்குக் கொண்டுபோனாள் என்பார்கள். தெரியாது என்று சொல்வேன்.

நாளைக் காலை ஆட்கள் மரத்துக்குப் போனதும் கிளம்புகிறேன்.